நாற்பத்தைந்து போகும்

'இருக்கட்டும்' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. இவரைப் பார்க்க நீங்கள் மிருகக்காட்சி சாலைக்கெல்லாம் போக வேண்டாம், உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். கடைக்குப் போனால் எது பெரியது, எது அதிகம் இழுக்கும், எது அதிகம் தாங்கும் என்று விசாரித்து, இரண்டு தரம் வெளியே வந்து யோசித்து, கடைக்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்வரை ஸ்டூலில் காத்திருந்து, கடைசியில் இருப்பதிலேயே உசத்தியானதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பவர் இவர். ஐந்து பேட்டரிக் கட்டை போடும் டார்ச் லைட் வாங்குவார். கட்டைகள் ஒழுகிவிடும் என்று கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். கரண்ட் போனதும் அந்த டப்பாவைத் தீக்குச்சி கிழித்துத் தேடுவார். ஏனய்யா என்று கேட்டால் என்ன சொல்வார்?

"இருக்கட்டும். இருந்தா ஒரு தெம்பு."

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் மதுரையில், கோரிப்பாளையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். பெயர் ஆண்டிச்சாமி. ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். அவருடைய பொறுப்பில் இருந்த அலமாரியில் வெளிநாட்டு மீட்டர்கள் ஆறு இருந்தன. பதினேழு வருஷத்தில் அவற்றை எந்த மாணவனும் தொட்டது கிடையாது. பையன்களுக்கெல்லாம் முள் கோணிப்போன மீட்டர்கள்தான்.

"சார், உள்ள நல்ல மீட்டர் இருக்குல்ல?" என்று எவனாவது கேட்பான்.

"இருக்கு. உள்ள இருக்கதுனாலதான் நல்லா இருக்கு" என்பார் ஆண்டிச்சாமி.

இப்படிப்பட்டவர் கைக்கு ஒரு பேட்டரி வண்டி வந்தால் என்ன ஆகும்?

வந்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். நாளுக்கு எத்தனை தடவை கரண்ட் போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாத அந்த வருஷத்தில்தான், கரண்டில் ஓடும் ஸ்கூட்டர் மதுரைக் கடைகளில் வரிசை கட்டி நின்றது. பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். ஆண்டிச்சாமிக்கு லைசென்ஸ் கிடையாது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னபோது, பெட்ரோலை வீணாக்காமல் மூன்று போட்டுக் காட்டி, பாக்கியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் அவர். ஆகவே பேட்டரி வண்டி தனக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று முடிவு செய்தார். ஒரே ஒரு குறை. அது இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

இருபத்தைந்து. ஆண்டிச்சாமிக்கு அந்த எண் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. டவுன் பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் வண்டிக்காரனிடம் கேட்கும் முதல் கேள்வி "எம்புட்டுப் போகும்" என்பதுதானே? அதற்கு இருபத்தைந்து என்று ஒரு மனிதன் எப்படி வாயைத் திறந்து சொல்வான்?

மெக்கானிக் இம்மானுவேல் வழி சொன்னார். "உள்ள ஒரு ஒயரு இருக்குண்ணே. வேகத்தப் புடிச்சு வைக்கிறதே அதுதான். அத வெட்டி விட்டம்னா வண்டி நாப்பத்தஞ்சு போகும்."

"வெட்டு."

வெட்டினார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்கண்ணே."

"எதுக்கு? நீதான் சொல்லிட்டேல்ல."

அன்றிலிருந்து ஆண்டிச்சாமியின் வண்டி நாற்பத்தைந்து போகும் வண்டி. ஆனால் அதன் மீட்டர் முள் பன்னிரண்டைத் தாண்டியதில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சார்ஜ் இறங்கும். சார்ஜ் இறங்கினால் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்குள் கரண்ட் போய்விடும். ஆகவே தயிர்ச் சட்டி மூடியைத் திறப்பது போலக் கைப்பிடியை அரை விரல் அளவு நகர்த்தி வைத்துக்கொண்டு, வண்டி போகிற போக்கில் போவார். ஹாரன் அடிக்க மாட்டார், அதுவும் பேட்டரியைத் தின்னும். வண்டியோ சத்தமே போடாத வண்டி. ஜனங்கள் எப்படி விலகுவார்கள்? அதற்குத்தான் பின்னால் மனைவி தங்கப்பொண்ணு இருந்தாள். "ஓரம் போங்க, வண்டி வருது" என்று சொல்லிக்கொண்டே வருவாள். பாலத்து ஏற்றம் வந்தால் இறங்கி நடப்பாள். நடந்து மேலே போய், புருஷன் வரும்வரை காத்திருந்து, மறுபடி ஏறிக்கொள்வாள்.

வண்டிகளைத் துரத்துவதையே தொழிலாகக் கொண்ட நாய் ஒன்று அந்தச் சந்தில் இருந்தது. முதல் நாள் வழக்கம்போலப் பாய்ந்து ஓடியது. நாலே எட்டில் வண்டியைத் தாண்டிவிட்டது. திரும்பிப் பார்த்தது. என்ன செய்வது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றுவிட்டு, கொஞ்ச தூரம் துணைக்கு வந்தது.

இவ்வளவும் வேடிக்கைதான். ஆனால் இந்த வேடிக்கைக்கு நடுவில் ஒரு மடி வந்து மாட்டிக்கொண்டது.

ஆண்டிச்சாமிக்கு ஒரே தங்கை, முத்துமீனா. எழுமலையில் வாழ்க்கைப்பட்டவள். ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து பிறந்த மகளுக்கு மூன்று வயது. கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முத்துமீனா வயிற்றில் பிள்ளை தங்கிய அன்றைக்கே போன் போட்டு, "அண்ணே, இது காது ஒன் மடியிலதாண்ணே குத்தணும்" என்று அழுதவள். ஆண்டிச்சாமியும் அழுதார். காது குத்தும்போது போட ஒரு ஜோடித் தோட்டை ஆசாரியிடம் சொல்லிச் செய்து, மூன்று வருஷமாகப் பீரோவில் வைத்திருந்தார். வாழ்க்கையில் அவர் ஒரு பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டது அந்த ஒரு ஜோடித் தோட்டைத்தான்.

மாமன் வராவிட்டால்? மாமன் முறைக்கு இன்னொருவன் இருந்தான். சித்தப்பா மகன் மொக்கைச்சாமி. உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்ப்பவன். அவனிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. அதன் ஆக்சிலேட்டருக்கு முழு முறுக்கு தவிர வேறு நிலை இருப்பதே அவனுக்குத் தெரியாது. கிளப்பும்போதே முழுசாக முறுக்கி, இறங்கும்போதுதான் விடுவான். கறுப்புப் புகையும் கடகடச் சத்தமுமாக அது முப்பதுக்குமேல் போகாது. ஆனால் அந்த முப்பதில் ஒரு துளியை அவன் மிச்சம் வைத்ததில்லை. "என் வண்டிக்குச் சமமாப் போகுமாடா ஒன் வண்டி?" என்று ஆண்டிச்சாமி கேட்டால், "போகாதுண்ணே. ஆனா போயிருவேன்" என்பான்.

நல்ல நேரம் பத்திலிருந்து பதினொன்று. மதுரையிலிருந்து எழுமலை ஐம்பது கிலோமீட்டர்.

"பஸ்ஸுல போயிருவமா?" என்றாள் தங்கப்பொண்ணு.

"வண்டிய வச்சுக்கிட்டு பஸ்ஸுல போனா நாலு பேரு என்ன நெனப்பாக?"

"வண்டிய வச்சுக்கிட்டு முறுக்காமப் போனா மட்டும் என்ன நெனப்பாக?"

"நாப்பத்தஞ்சு போற வண்டி. நெனச்சா ஒரு மணி நேரம். நிம்மதியா ஏறு."

காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். தங்கப்பொண்ணு மடியில் சீர்த்தட்டு. தட்டில் பட்டுப்பாவாடை, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் தோட்டுப் பெட்டி. காளவாசலைத் தாண்டுவதற்குள் ஒரு தள்ளுவண்டிக்காரர் அவர்களை முந்தினார். நாகமலைக்கு இந்தப் பக்கம் கேன் கட்டிய சைக்கிளில் ஒரு பால்காரர் பக்கத்திலேயே மிதித்து வந்து பேச்சுக் கொடுத்தார்.

"புது வண்டியாண்ணே? எம்புட்டுப் போகும்?"

"நாப்பத்தஞ்சு."

பால்காரர் மீட்டரைப் பார்த்தார், தன் சைக்கிளைப் பார்த்தார். "அப்பச் சரிண்ணே, எனக்குப் பாலு திரிஞ்சிரும். நான் முன்னால போறேன்" என்று மிதித்துப் போய்விட்டார். ஆண்டிச்சாமி கோபப்படவில்லை. பரிதாபப்பட்டார். பாவம், அந்த மனுஷன் தன்னிடம் உள்ள அத்தனை வேகத்தையும் செலவழித்துக்கொண்டு போகிறான். பிறகு அவனிடம் என்ன இருக்கும்?

செக்கானூரணியில் வண்டி சூடாகிவிட்டது என்று சொல்லி நிறுத்தினார். தங்கப்பொண்ணு தொட்டுப் பார்த்தாள். விடிகாலைக் குடத்துத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. ஆனாலும் முக்கால் மணி நேரம் ஆறப் போட்டார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்ததையும், அவர்களிடம் அவர் நாற்பத்தைந்து என்று நாலு தடவை சொன்னதையும் நாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கக் கூடாது. கிளம்பும்போது தங்கப்பொண்ணின் செல்போன் அடித்தது. ஆண்டிச்சாமியிடமும் போன் இருந்தது. சார்ஜ் குறையாமல் இருக்க அணைத்து வைத்திருந்தார்.

"மதினி, எங்க வாரீக?" என்றாள் முத்துமீனா.

"செக்கானூரணிம்மா."

"இன்னுமா? அண்ணனக் கொஞ்சம் முறுக்கச் சொல்லுங்க மதினி. மடி காலியா இருக்கு."

உசிலம்பட்டியை அடைந்தபோது மணி பத்தேகால். இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் ரோடு காலியாக, நேராக, ஆட்டு மந்தைகூட இல்லாமல் கிடந்தது. இருபுறமும் மழை பார்த்துக் கிடக்கும் காடு. வண்டியின் நாலு சார்ஜ் விளக்குகளில் மூன்று பளிச்சென்று எரிந்தன.

"இப்ப முறுக்குங்க" என்றாள் தங்கப்பொண்ணு.

"திரும்பி வரணும்ல."

"மாப்ள வீட்டுல கரண்டு இல்லையா? போட்டுக்கிருவம்."

"அங்க நாலு பேரு வந்து பாப்பாக. மூணு லைட்டாவது எரிய வேணாமா?"

"அங்க நாலு பேரு ஒங்க மடியத்தான் பாப்பாக."

ஆண்டிச்சாமி பன்னிரண்டிலேயே போனார். தங்கப்பொண்ணு பொறுமைசாலி. பத்தொன்பது வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் செய்தவளுக்குப் பொறுமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஏழு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய அந்தத் தங்கச்சியோடு கூடவே சுற்றியவளும் அவள்தான். சீர்த்தட்டை இடது கையால் அணைத்துக்கொண்டாள். வலது கையைப் புருஷனின் விலாவைச் சுற்றி நீட்டினாள். அவர் மணிக்கட்டோடு சேர்த்துக் கைப்பிடியைப் பிடித்தாள். முறுக்கினாள், கடைசிவரை.

வண்டி திடுக்கிட்டது. அதற்கு அப்படி ஒரு அனுபவமே கிடையாது. பிறகு பாய்ந்தது. பதினெட்டு. இருபத்திரண்டு. இருபத்தேழு. காற்று காதில் அடித்தது, வெற்றிலை ஒன்று பறந்து போனது. ஆண்டிச்சாமியின் கண்கள் ரோட்டில் இல்லை, முள்ளில் இருந்தன. முப்பது. முப்பத்தொன்று. முள் அங்கே நின்றது. ஒரு நடுக்கம் நடுங்கியது. அதற்குமேல் ஒரு மயிரிழை நகரவில்லை.

"முப்பத்தொண்ணு போகுதுங்க" என்று சிரித்தாள் தங்கப்பொண்ணு. அப்படி அவள் சிரித்து வருஷமாகியிருந்தது. "இப்புடியே போனா அரை மணி நேரத்துல போயிரலாம். மடி நம்மளுக்குத்தான்."

கணக்கு சரி. பத்தே முக்காலுக்குக் கோயிலில் இருக்கலாம். ஆனால் ஆண்டிச்சாமியின் காதில் மடி விழவில்லை, முப்பத்தொன்றுதான் விழுந்தது. கோரிப்பாளையத்தில் சொன்னது, கல்லூரியில் சொன்னது, அந்தப் பால்காரரிடம் சொன்னது, இத்தனையும் என்ன ஆவது? எதிர்க்காற்று என்று நினைத்துப் பார்த்தார். ரோட்டோரத்து வேலியில் ஒரு இலைகூட அசையவில்லை. இரண்டு பேர் பாரம் என்று நினைத்தார், டயரில் காற்றுக் குறைவு என்று நினைத்தார், தோட்டின் எடையைக்கூட நினைத்துப் பார்த்தார். முள் எதற்கும் மசியாமல் அங்கேயே நின்றது. இன்னும் ஒரு நிமிஷம் இப்படியே போனால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. முறுக்காதவரைக்கும் அது நாற்பத்தைந்து. முறுக்கினால் முப்பத்தொன்று.

"கைய எடு" என்றார்.

"ஏங்க?"

"எடுன்னு சொல்றேன்ல."

அவள் கையை எடுத்தாள். ஆண்டிச்சாமி பிரேக்கைப் பிடித்து வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். அப்போது போன் அடித்தது. தங்கப்பொண்ணு அதை அவர் காதிலேயே வைத்தாள்.

"அண்ணே, மொட்ட போட்டாச்சு. பிள்ள மாமா எங்க, மாமா எங்கன்னு கேக்குது. ஆசாரி அவசரப்படுறாரு. வந்துட்டியா?"

"வந்துக்கிட்டே இருக்கம்மா" என்றார், நின்ற வண்டியில் உட்கார்ந்தபடி.

பிறகு கிளப்பினார். முள் ஏறியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அங்கே நிறுத்தினார். மெல்ல மெல்ல உடம்பில் தெம்பு திரும்பியது. அந்த முப்பத்தொன்று ஏதோ கண் பிசகு என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. எதிரே ஒரு எருமை ரோட்டின் நடுவில் வந்தது. தங்கப்பொண்ணு "ஓரம்" சொல்லவில்லை. எருமை தானாகப் போகும்வரை நின்று போனார்கள்.

கோயிலை அடைந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. கொட்டுக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் மொக்கைச்சாமியின் மொபெட் எண்ணெய் ஒழுகி நின்றது. அவன் வேட்டியில் சந்தனமும் பிள்ளையின் கண்ணீரும் அப்பியிருந்தன. மடியில் அந்தக் குழந்தை மொட்டைத் தலையோடு அழுது களைத்துத் தூங்கிப்போயிருந்தது. ஆசாரியின் கையில் இருந்த தங்கக் கம்பியையே வளைத்துக் காதில் போட்டுவிட்டிருந்தார்கள்.

"எந்திரிக்கவா அண்ணே?" என்றான் மொக்கைச்சாமி, சங்கடத்தோடு.

ஆண்டிச்சாமி குனிந்து பிள்ளையின் காதில் இருந்த கம்பியைப் பார்த்தார். நம் ஆசாமிக்குப் பாசம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அது நிறைய இருந்தது, அப்படியே செலவாகாமல் இருந்தது.

முத்துமீனா வந்து எதிரில் நின்றாள். கண் சிவந்திருந்தது. அவள் புருஷன் சுருளி நல்ல மனுஷன். நாலு பேர் முன்னால் மச்சான் தலை குனியக் கூடாது என்று முந்திக்கொண்டான்.

"விடு மீனா. பேட்டரி வண்டி அம்புட்டுத்தூரம் என்னத்தப் போகும்? இழுத்திருக்காது. மச்சான் என்ன பண்ணுவாரு?"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பேட்டரி வண்டியை நம்பி வந்தால் இப்படித்தான் என்று ஒரு பெரியவர் பரிந்து பேசினார். முத்துமீனாவின் முகம் கொஞ்சம் இளகியது. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்படுவது எல்லோருக்கும் தெரிந்தது.

"அப்புடியாண்ணே? வண்டி போகலையா?"

ஒரு தலையாட்டல் போதும். ஆமாம்மா, முப்பதுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது என்று ஒரு வார்த்தை. அது உண்மையும்கூட. தங்கை மன்னித்துவிடுவாள், அடுத்த நிமிஷம் இலை போட்டுவிடுவாள், பிள்ளை எழுந்ததும் அவர் மடிக்கே வரும். தங்கப்பொண்ணு சீர்த்தட்டோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆண்டிச்சாமி தங்கையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மரத்தடியில் எண்ணெய் ஒழுகிய மொபெட்டைப் பார்த்தார்.

"வண்டியச் சொல்லாதம்மா" என்றார். "வண்டி நாப்பத்தஞ்சு போகும். நாந்தான் முறுக்கல."

முத்துமீனா மொக்கைச்சாமியிடம் போய், "நீ இருண்ணே, பிள்ள முழிச்சிரும். ஒனக்கு இலைய இங்கயே கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் போனாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. உங்களிடம் பேட்டரி வண்டி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மனசு வைத்தால் ஒரே மாதத்தில் முடித்துவிடுவேன் என்று பத்து வருஷமாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அது எத்தனை போகும் என்று கடைசிவரை முறுக்கிப் பார்த்ததுண்டா? பேச நினைத்தால் ஒரே நிமிஷத்தில் பேசிச் சமாதானமாகிவிடுவேன் என்கிற உங்கள் தம்பி விஷயமும் இருக்கிறது. வேண்டாம், வேண்டாம், இப்போதே முறுக்கச் சொல்லவில்லை. உங்கள் முள் உங்களோடு. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வலது கையை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.